எழுபத்தொன்பதே முக்கால்

விக்டோரியா தெருவில் மாடிப்படி ஏறினால்
முதலில் காப்பி மணக்காது,
கீழ்க்கடையின் கருவாடுதான் மணக்கும்.
அதனால் அவர்கள் ஷட்டரைத் தூக்குமுன்
மூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

சென்ட் கூடாது. பூ கூடாது.
பட்டர்வொர்த் ஃபெர்ரியில்
மல்லிகை வைத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தால்
எழுந்துபோய்க் கம்பியோரம் நிற்பேன்.
வந்து, அறிக்கையில் ‘மல்லிகை’ என்று எழுதுவேன்.

‘ப்ளூபெரி’ என்றும் எழுதினேன் முதல் வருடம்,
தின்றதே இல்லாமல்.
ஒரு சம்பள நாளில் கர்னியில்
பதினான்கு வெள்ளி தொண்ணூறு காசுக்கு
சின்ன டப்பா ஒன்று வாங்கி
கடற்சுவரில் உட்கார்ந்து தின்று பார்த்தேன்.
காப்பியில் இருந்த அளவுக்குப்
பழத்தில் இல்லை அது.

இன்று ஏழு மாதிரிகள்.
நான்காவது, காயோ மலை.
தாக்கெங்கோன், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்,
ஈரத்தோடு தோலுரித்தது.
விளைவித்தவர்: அமான் ஸப்தி.
ஸப்தியின் அப்பா என்று அர்த்தமாம்;
பிள்ளை பிறந்ததும் அங்கே
அப்பனுக்குப் பேர் மாறிவிடுகிறது.
பினாங்கின் முதுகுப் பக்கம் போய் நின்றால்
இதே கடலின் அக்கரைதான் அவர் ஊர்.

ஐந்து கோப்பை, எட்டேகால் கிராம் வீதம்.
கோப்பைக்கு அறுபது கொட்டை இருக்கும்.
கொதி அடங்கிய தண்ணீர்.
நான்கு நிமிடம் யாரும் பேசமாட்டோம்.
பிறகு கரண்டி முதுகால் நுரையை உடைத்து
முகத்தை உள்ளேயே வைத்துவிடுவேன்.

உறிஞ்சும் சத்தம் அசிங்கமாகத்தான் இருக்கும்.
வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு.
இங்கே சம்பளம்.

நார்த்தைத் தோல், குலா மெலாக்கா,
இப்போதுதான் அறுத்த பலகை.
இரண்டிலும் அது. மூன்றிலும் அது. ஐந்திலும்.
நான்கில் நனைந்த சாக்கு.
துப்பினேன்.
வாய் கொப்பளித்து மறுபடி:
நனைந்த சாக்கு, பூட்டி வைத்த மருந்து அலமாரி.

அறுபதில் ஒன்று.
தார்ப்பாய் மடிப்பில்
ஒரு ராத்திரி மழையோடு கிடந்த ஒன்று.
எண்பத்து மூன்றே முக்கால் வாங்கவேண்டிய மலை;
சீர்மையில் இரண்டு போச்சு,
தூய்மையில் இரண்டு போச்சு,
எழுபத்தொன்பதே முக்கால்.

எண்பதுக்கு ஒரு விலை.
கால் குறைந்தால் வேறு விலை, வேறு சாக்கு.
அமான் ஸப்தி கரைந்து
‘சுமத்ரா கலவை’ ஆகிவிடுவார்.

“இன்னொரு மேசை போட்டுப் பார்க்கட்டுமா?”
தெய்க் ஹுவாட் மணி பார்த்தார்.
“மாதிரி மிச்சம் இருக்கா?”
இருந்தது, சரியாக ஐந்து கோப்பைக்கு.
“உன் இஷ்டம்” என்று
கப்பல் ஏஜெண்டுக்குப் போன் போடப் போய்விட்டார்.

அரைக்குமுன் கொட்டைகளைத் தட்டில் பரப்பினேன்.
ஒன்று கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.
கை போனது.
எடுக்கவில்லை. அதை மட்டும்
சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று, சுத்தம்.
இரண்டு, சுத்தம். சிரித்தேன்கூட.
மூன்றில் சாக்கு.
நான்கு, சுத்தம்.
ஐந்தில் சாக்கு.

எழுபத்தைந்தே முக்கால்.
யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் மேசையைச் சிங்கில் கவிழ்த்துவிட்டு
முதல் மேசையின் எண்ணை அறிக்கையில் எழுதினேன்.
இரக்கமா அது, என்னவென்று தெரியவில்லை.
எண்பதாக்கவும் துணிவில்லை,
உள்ளதைச் சொல்லவும் இல்லை.

மத்தியானம் வாட்ஸாப்பில் அவரே:
‘காக், பெராப்பா?’
அனுப்பினேன்.
நீல டிக் இரண்டு.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு ஒரு படம். சாலையோரத் தார்ப்பாய்,
அதில் பச்சைக் கொட்டை,
பின்னால் ஏரிமேல் கறுத்துவரும் மேகம்,
காற்றில் பாய் எழாதபடி
ஓரத்தை மிதித்து நிற்கும்
இரண்டு சின்ன ரப்பர் செருப்பு.
ஸப்தியாக இருக்கும்.
கீழே அவர் மொழியில்:
‘கால்தானே குறைஞ்சது?
அடுத்த அறுவடையில பிடிச்சிடலாம்.’

கரண்டியைக் கழுவி வைத்தேன்.
கருவாட்டு வாடை மேலே ஏறியிருந்தது.
‘ஆமாம், கால்தான்’
என்று தட்டி
அனுப்பினேன்.